பல்லாவரம் சந்தையும் 47 கிலோ ஓமும்

பல்லாவரத்தில் பழைய டிரங்கு ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை, காய்கறி, கருவாடு, பூச்செடி, புறா என்று எல்லாம் விற்கும் வாரச்சந்தை என்பதோடு, சென்னையின் வீடுகளும் அலுவலகங்களும் கழித்துக்கட்டிய மின்பொருள்கள் மறுபடியும் கைமாறும் இடமாகவும் நீண்டகாலமாக இருந்துவருகிறது. ஜி.எஸ்.டி. சாலையும், 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலும், மீனம்பாக்கம் விமான நிலையமும் அருகருகே அமைந்த இந்தக் கன்டோன்மென்ட் பகுதியில், தார்ப்பாயில் பரப்பிய சார்ஜர்களுக்கும் மிக்ஸி மோட்டார்களுக்கும் நடுவே ரெக்கார்டு பிளேயர்களும் எல்.பி. தட்டுகளும் கிடைக்கும் என்பது பழைய இசைத்தட்டு சேகரிப்போர் அறிந்த செய்தி.

அங்கே கிடைக்கும் கருவிகள் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டி, வால்வு ரேடியோவும் தட்டு சுழற்றியும் ஒரே மரப்பெட்டியில் அமைந்த ரேடியோகிராம், 1970களின் சூட்கேஸ் வடிவப் பிளேயர், ஜப்பானில் செய்த கனத்த டர்ன்டேபிள் ஆகிய ஒவ்வொன்றும், தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை ஒலியாக்குவதற்கு வேறு வேறு வழியைக் கையாண்டன. இவற்றில் ஒன்றை வாங்கிவந்து இன்றைய ஃபோனோ ப்ரீஆம்ப்பில், அதாவது ஊசி தரும் மிகச்சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கி, தட்டில் பதியும்போது மாற்றப்பட்ட மேல் கீழ் சுரங்களின் அளவையும் இயல்புக்குக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் முன்பெருக்கியில் இணைப்பவர், அதன் முதுகிலோ அடியிலோ வரிசையாக உள்ள சிறு சுவிட்சுகளைக் காண்பார். 47 கிலோ ஓமா, 100 ஓமா, 100 பிகோஃபாரடா, 300 பிகோஃபாரடா என்று அவை கேட்கும் கேள்விக்கு விடை, வாங்கிய ஊசி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. சென்னையில் அந்தக் காலங்கள் மேலை நாடுகளில் மாறியது போல மாறவில்லை. தமிழ் வீடுகளில் இசைத்தட்டின் ஒலி என்று நினைவில் நின்றுவிட்ட ஒலிக்கும் அதுவே பெரிய காரணம்.

இந்தச் சுவிட்சுகள் அமைப்பதை லோடிங் என்றும் சுமை என்றும் சொல்வர். கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி, ஒரு மின்மூலம். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ப்ரீஆம்ப் வைக்கும் மின்தடையும், அங்கே சேரும் மின்தேக்கமும் சேர்ந்ததே சுமை. மின்தடை ஓம் கணக்கிலும், மின்தேக்கம் பிகோஃபாரட் கணக்கிலும் அளக்கப்படும். மின்தேக்கத்தின் ஒரு பகுதி ப்ரீஆம்ப்பில் உள்ள கண்டன்சரிலிருந்தும், இன்னொரு பகுதி டர்ன்டேபிளின் கைக்குள்ளும் வெளியிலும் ஓடும் ஷீல்டு வயரிலிருந்தும் வருவதால், வயரின் நீளம்கூட ஒலியின் தன்மையை மாற்றும்.

சுமை என்ற கேள்வியே எழாத ஒரு காலம் முதலில் இருந்தது. கிராமபோன் கம்பெனி 1902-இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் வந்து, 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலையை நிறுவியபோது, இயந்திரத்தில் மின்சாரம் எதுவும் இல்லை. எஃகு ஊசியின் அசைவு ஒரு சவ்வுத் தகட்டுக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியே அறைக்குள் வந்தது. ஓசையைக் குறைக்க வேண்டுமானால் மெல்லிய ஊசியை மாட்டினர். அரக்கும் கல்தூளும் கலந்து செய்த 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடியது. அந்தக் கல்தூளே எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்றவாறு வடிவமைத்துக்கொண்டதால், பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றவேண்டியிருந்தது. 1930களில் மவுண்ட் ரோட்டில் ஆர்ஸ் கொலம்பியா ஹவுஸும், ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் கூட்டாளிகளும் 1932-இல் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸும் நாடக செட்டுகளையும் கர்நாடக இசைத் தட்டுகளையும் விற்ற நாள்களில், அவற்றை வாங்கிய பெரும்பாலான வீடுகளில் ஓடியது இந்தச் சாவிப் பெட்டிதான்.

1925-இல் மைக்ரோபோன் வழியான மின் ஒலிப்பதிவு வந்த பிறகும், கேட்கும் பக்கம் மின்சாரத்துக்கு மாற இந்தியாவில் வெகுகாலம் பிடித்தது. வீட்டுக்கு மின் இணைப்பு இல்லாதவருக்கு 78 தட்டும் சாவிப் பெட்டியுமே வழி என்பதால், மேலை நாடுகள் 78-ஐக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் கல்கத்தாவின் டம்டமில் இருந்த கிராமபோன் கம்பெனி ஆலை அதை அச்சிட்டுக்கொண்டிருந்தது. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே 78 தட்டில் வெளிவந்தன.

மின்சாரம் வந்த வீடுகளுக்கு முதலில் வந்த கார்ட்ரிட்ஜ், படிக வகையைச் சேர்ந்தது. சில படிகங்களை வளைத்தால் அவற்றின் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றும் என்ற இயல்பைப் பயன்படுத்தி, ரோஷெல் உப்பு என்னும் படிகத்துண்டை ஊசியோடு பிணைத்துச் செய்த பிக்-அப்கள் 1930களில் பெருகின. இவற்றின் மின்னழுத்தம் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று தாராளமாக இருந்ததால் ப்ரீஆம்ப் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ரோஷெல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையும். 55 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சிதைந்துபோகும். வங்கக் கடலோரத்தின் உப்புக்காற்றிலும் வெயிலில் காயும் கூரைக்குக் கீழே மூடிவைத்த மரப்பெட்டியிலும் அது நீடித்து உழைக்காது என்பதில் வியப்பில்லை. 1940களில் கண்டறியப்பட்ட பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான் வகைப் பொருள்கள் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அசையாதவை என்பதால், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும், வெப்ப நாடுகளுக்கு அவையே ஏற்றவை ஆயின. செராமிக் கார்ட்ரிட்ஜ் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

படிகமானாலும் பீங்கானானாலும், மின்னியல் கண்ணோட்டத்தில் அது ஒரு கண்டன்சர். வகைக்கு ஏற்ப சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் பிகோஃபாரட் வரை மின்தேக்கம் கொண்டது. கண்டன்சர் வழியாகத் தாழ்ந்த சுரங்கள் கடப்பது கடினம். எதிரே வைக்கும் மின்தடை எவ்வளவு உயர்வாக இருக்கிறதோ அவ்வளவு தாழ்ந்த சுரம்வரை முழுமையாகக் கடக்கும். 1000 பிகோஃபாரட் கொண்ட கார்ட்ரிட்ஜுக்கு 2 மெகா ஓம் சுமை வைத்தால் சுமார் 80 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலி குறையாமல் வரும்; 1 மெகா ஓம் வைத்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேயத் தொடங்கும்; 100 கிலோ ஓமில் அந்த எல்லை 1600 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதாவது மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் ஆண் குரலின் கனமும் பெரும்பகுதி போய்விடும். இத்தகைய கார்ட்ரிட்ஜுக்குக் குறுக்கே கூடுதலாகக் கண்டன்சர் போட்டால் ஒலியின் தன்மை மாறாது, அளவு மட்டும் குறையும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜில் இதே கண்டன்சர் செய்யும் வேலை முற்றிலும் வேறு.

வால்வு ரேடியோக்களின் காலத்தில் இந்தச் சுமை தானாகவே ஓரளவு பொருந்தியது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் முதலிய ரேடியோக்களின் முதுகில் பிக்-அப்புக்கென்று இரண்டு துளைகள் இருக்கும்; அவற்றுக்குப் பின்னால் அரை மெகா ஓம் அல்லது ஒரு மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோலும் அதன் பின் வால்வின் கிரிடும் இருந்ததால், வீட்டுக்காரர் அறியாமலேயே படிகக் கார்ட்ரிட்ஜுக்குத் தேவையான உயர்ந்த சுமை கிடைத்துவந்தது. சிக்கல் டிரான்சிஸ்டர் வந்தபோது தொடங்கியது. டிரான்சிஸ்டரின் உள்நுழை மின்தடை இயல்பாகவே தாழ்வானது. செலவைக் குறைக்க எளிய சர்க்யூட்டை வைத்த பெட்டிகளில் தாழ்ந்த ஒலி மெலிந்துபோயிற்று. அதை ஈடுகட்டக் கார்ட்ரிட்ஜுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே பல நூறு கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைப்பது ஒரு வழி. அப்போது சமன் மீளும், ஒலியின் அளவு குறையும். சிறிய ஸ்பீக்கர் எப்படியும் தாழ்ந்த ஒலியைத் தராது என்று எண்ணி விட்டுவிடுவது இன்னொரு வழி. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டாவது வழியே நடந்தது.

தெருவில் கேட்ட இசைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் ஆடித் திருவிழா என்று தென்சென்னைப் புறநகர் முழுவதும் தட்டைச் சுழலவிட்ட மைக் செட்காரர்கள், தென்னை மரத்திலும் கம்பத்திலும் கட்டிய கூம்புக் குழாய்களை நம்பித் தொழில் செய்தனர். அத்தகைய குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைத் தள்ளாது. அதனால் அரை மெகா ஓமோ இரண்டு மெகா ஓமோ, கேட்பவர் காதுக்கு வேறுபாடு தெரிந்திருக்க வழியில்லை. விடியற்காலையில் இரண்டு மைல் தள்ளிக் கேட்ட சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கூர்மையாக நினைவில் நிற்கிறதென்றால், அந்தக் கூர்மையில் குரலுக்கு உள்ள பங்கு பாதிக்கு மேல் இருக்கலாம். மீதி குழாய்க்கு உரியது.

இங்கே இவ்வாறு இருக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறொரு வழி வளர்ந்துகொண்டிருந்தது. காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே உண்டாகும் அசைவால் மின்சாரம் எடுக்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ், படிகத்தைப்போலத் தாராளமாக மின்னழுத்தம் தராது. ஒரு சில மில்லிவோல்ட்தான் தரும். ஆனால் ஊசியின் அழுத்தத்தை ஒன்றிரண்டு கிராமுக்குக் குறைக்கவும், மேல் சுரங்களை 20 கிலோஹெர்ட்ஸ்வரை கொண்டுவரவும் அதனால் முடிந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட நுண்பள்ள எல்.பி. தட்டுக்கு இது மிகவும் பொருத்தமாக அமைந்தது. அதற்குச் சற்று முன் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட காந்தக் கார்ட்ரிட்ஜில், சுமைக்கு ஓர் அரிய பணி கொடுக்கப்பட்டிருந்தது. அதன் சுருளின் மின்தூண்டல் ஏறக்குறைய 500 மில்லிஹென்றி. அதற்குக் குறுக்கே சுமார் 6 கிலோ ஓம் என்ற தாழ்ந்த மின்தடையை வைத்தால், 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி படிப்படியாகக் குறையும். பதிவின்போது உயர்த்திவைத்த மேல் சுரங்களை இறக்க இதுவே போதுமாக இருந்ததால், அன்றைய சுமை என்பது ஒலிச் சமனாக்கும் கருவியாகவும் இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி பதிவு முறை வேறுபட்ட அக்காலத்தில், சுமையை மாற்றியே வெவ்வேறு தட்டுகளுக்கு இசைவு தேடினர்.

1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. பதிவின்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் மேல் சுரங்களை உயர்த்தியும் வெட்ட வேண்டும், கேட்கும்போது அதே அளவுக்கு 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டியும் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைத்தும் மீட்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில், 50, 500, 2122 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்று திருப்பங்கள் உண்டு. சமனாக்கும் வேலை முழுவதும் ப்ரீஆம்ப்பின் உள்ளே போய்விட்டதால், சுமை அதிலிருந்து விடுபட்டு, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் 47 கிலோ ஓம் என்ற ஒரே எண்ணில் நிலைபெற்றது. கடைகளில் ரெசிஸ்டர்கள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47 என்ற படிவரிசையில் விற்கப்படுவதால், ஐம்பதை ஒட்டிய ஒரு மதிப்பு வேண்டுமென்றால் கைக்கு எட்டுவது 47-தான். எண்ணில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

மின்தடை ஒரே எண்ணில் நின்றபின் சிக்கல் முழுவதும் மின்தேக்கத்துக்கு நகர்ந்தது. காந்தக் கார்ட்ரிட்ஜின் சுருளும், அதற்குக் குறுக்கே சேரும் பிகோஃபாரட்களும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்ளும்; அங்கே ஒலி முனைத்து, அதற்கு மேல் சரியும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையைக் கூட்டியும் குறைத்தும் சுருதி அமைப்பதுபோல, மின்தேக்கத்தைக் கூட்டினால் அந்த அதிர்வெண் இறங்கும், குறைத்தால் ஏறும். இன்று பரவலாக விற்கும் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டால், அதன் சுருளின் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி. மொத்த மின்தேக்கம் 100 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 21 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், காதுக்கு எட்டாத இடத்தில் விழும். 200 என்றால் 15 கிலோஹெர்ட்ஸ். 400 என்றால் 11 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, தாளத்தின் கணீரென்ற விளிம்பும் பாடகரின் ஸகரமும் இருக்கும் இடத்தில் விழுந்துவிடும். இந்த வகைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை என்று தயாரிப்பாளர் வரம்பு சொல்வதன் காரணம் இதுவே.

ஆனால் எல்லாக் காந்தக் கார்ட்ரிட்ஜுக்கும் குறைந்த மின்தேக்கமே நல்லது என்று கொள்வது தவறு. 1960களிலும் 1970களிலும் உலகெங்கும் விற்ற ஷூர் நிறுவனத்தின் எம்44, வி15 மூன்றாம் வகை முதலியவை 400 முதல் 500 பிகோஃபாரட் வரை கேட்டவை. ஊசித்தண்டின் இயந்திர அதிர்வால் மேல் சுரத்தில் எழும் முனைப்பை மின்னியல் சரிவால் ஈடுகட்டும் வகையில் அவற்றை வடிவமைத்திருந்தனர். அன்றைய நீண்ட ஷீல்டு வயர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் இந்த அளவை எளிதாகத் தந்தன. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தோன்றிய சி.டி.-4 என்னும் நான்கு தட ஒலிமுறை, 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையைப் பள்ளத்தில் வைத்ததால், 100 கிலோ ஓம் சுமையையும் 100 பிகோஃபாரடை ஒட்டிய மின்தேக்கத்தையும் வேண்டியது. சந்தையில் அந்த முறை சில ஆண்டுகளில் மடிந்தது; அதற்காகச் செய்த தாழ்ந்த மின்தூண்டல் சுருளும் ஷிபாட்டா வடிவ ஊசியும் மட்டும் நிலைத்துவிட்டன.

நகர்சுருள் என்னும் இன்னொரு வகையில் காந்தம் அசையாது நிற்கச் சுருள் அசையும். சுற்றுகள் மிகச் சில என்பதால் மின்தூண்டல் ஏறத்தாழ இல்லை, மின்னழுத்தமும் அரை மில்லிவோல்ட்டுக்குக் கீழேதான். ஜப்பானிய வானொலிக்காக 1960களில் உருவான டெனான் டி.எல்.-103-இன் மின்தடை 40 ஓம், வெளியீடு 0.3 மில்லிவோல்ட். இதற்குப் பிகோஃபாரட் கணக்கு பொருட்டில்லை. 100 ஓம் சுமை வைத்தால் ஏறத்தாழ 3 டெசிபல் ஒலி குறைந்து மேல் சுரம் அடங்கி நிற்கும், 47 கிலோ ஓமில் விட்டால் குறையாது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைக்கும்போது சுமை, சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும். பத்து மடங்கு உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் உள்ள 47 கிலோ ஓம், கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும்.

இந்த வளர்ச்சியெல்லாம் சென்னைக்கு வந்துசேர்ந்த விதமே இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1950களின் இறுதியில் இந்தியாவில் எல்.பி. தட்டுகள் வெளிவரத் தொடங்கின, எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்து தென்னிந்திய வீடுகளின் காலை நேரத்தையே மாற்றியது. பின்னர் இன்ரெகோ, எக்கோ முதலிய நிறுவனங்கள் தமிழ்த் திரைப்பாடல்களை ஸ்டீரியோ எல்.பி.களாகக் கொண்டுவந்தன. தட்டின் தரம் உயர்ந்த இதே ஆண்டுகளில் அதைக் கேட்கும் கருவி உயரவில்லை. அயல்நாட்டுப் பொருள்களுக்கு இறக்குமதி உரிமமும் கடும் சுங்கவரியும் இருந்த அந்நாளில், நடுத்தர வீடு வாங்க முடிந்தது எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற சிறு பெட்டிகளையும் பிலிப்ஸ் பிளேயர்களையும்தான். அவற்றில் பெரும்பாலும் இருந்தது பல கிராம் அழுத்தத்தில் ஓடும் பீங்கான் கார்ட்ரிட்ஜும் நீலக்கல் ஊசியும். காந்தக் கார்ட்ரிட்ஜ் பூட்டிய டர்ன்டேபிளைச் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மீனம்பாக்கத்தில் இறங்கியவர் கொண்டுவந்தால் உண்டு; இல்லையேல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1960களின் இறுதியில் கடற்கரைச் சாலையில் அமைத்த பர்மா பஜாரில் கேட்டுப்பார்க்கலாம்.

ஆகவே, மேலை நாட்டு நடுத்தர வர்க்கம் காந்தக் கார்ட்ரிட்ஜையும் 47 கிலோ ஓமையும் கொண்டு கழித்த இருபது ஆண்டுகளைத் தமிழ் வீடுகள் பீங்கானையும் மெகா ஓம்களையும் கொண்டு கழித்தன. பத்துப் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏதும் தராத, நடுச்சுரத்தில் குரலை முன்னே தள்ளிய, தாழ்ந்த ஒலியைச் சுமைக்கு ஏற்ப இழந்த அந்த ஒலியே இசைத்தட்டின் இயல்பான ஒலி என்று ஒரு தலைமுறையின் காதில் படிந்தது. ரெக்கார்டின் ஒலியில் ஒரு கதகதப்பு உண்டு என்று இன்று சொல்பவர்கள் பெரும்பாலும் பாராட்டுவது தட்டை அன்று. மலிவான கார்ட்ரிட்ஜையும் அதற்கு வாய்த்த அரைகுறைச் சுமையையும். அதே சுப்ரபாதத் தட்டை ஒழுங்காகச் சுமை அமைத்த காந்தக் கார்ட்ரிட்ஜில் ஓட்டினால், உடன் பாடிய ராதா விஸ்வநாதனின் குரல் தனியே பிரிந்து நிற்பதும், தம்புராவின் நாதம் முழுதாக விரிவதும் கேட்கும். பழைய காதுக்கு முதலில் அது சற்று அந்நியமாகவே படும்.

காசெட் 1980களில் வீடுகளைப் பிடித்துக்கொண்டபின், 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் தட்டு அச்சிடுவது நின்றது. 1900-இல் திறக்கப்பட்டு, பழைய தட்டும் பழைய பெட்டியும் விற்கும் இடமாகவும் விளங்கிய மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. கழித்த பொருள்களின் வாணிபம் நகரின் பல மூலைகளுக்குச் சிதறியபோது, தெற்குப் புறநகரில் அதற்கு இடம் கொடுத்தது பல்லாவரம் சந்தை. உதிரிப் பாகத்துக்கு ரிச்சி ஸ்டிரீட், முழுப் பெட்டிக்குப் பல்லாவரம் என்பது தென்சென்னையில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்ப்போருக்குப் பழகிய வழி.

அச்சந்தையில் வாங்கியதை இணைப்பதில் நேரும் தவறுகளும் இந்தக் காலக்கலப்பிலிருந்தே வருகின்றன. பீங்கான் கார்ட்ரிட்ஜ் உள்ள பெட்டியைக் காந்த வகைக்கான ப்ரீஆம்ப்பில் செருகினால், 47 கிலோ ஓம் சுமையால், முன்சொன்ன 1000 பிகோஃபாரட் கணக்கில், 3400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியும், ஆர்.ஐ.ஏ.ஏ. சமனாக்கம் அந்தச் சரிவை ஓரளவு நிரப்பும். ஆயினும் மின்னழுத்தம் ப்ரீஆம்ப் தாங்கும் அளவை எட்டுவதால் உரத்த இடங்களில் ஒலி பிளக்கும். மறுதலையாக, காந்தக் கார்ட்ரிட்ஜைப் பழைய ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீட்டில் செருகினால் ஈனமான, சலசலப்பு மட்டும் கொண்ட ஒலியே வரும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குச் செய்த மோட்டார் உள்ள டர்ன்டேபிள் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓடி, 33⅓ சுழற்சிக்குப் பதில் 28-க்கும் குறைவாகச் சுழன்று, பாடகரை ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறக்கிவிடும்; அதற்குச் சுமை பொறுப்பில்லை, புல்லியை மாற்ற வேண்டும்.

சரியான பொருத்தம் கிடைத்தபின் சுமையை அமைப்பது அரைமணி நேர வேலை. முதலில் கார்ட்ரிட்ஜின் பெயரைக் கண்டுபிடித்து அதன் தயாரிப்பாளர் சொன்ன பிகோஃபாரட் வரம்பைத் தேட வேண்டும். டர்ன்டேபிளின் வயரை ப்ரீஆம்ப்பிலிருந்து கழற்றி, கார்ட்ரிட்ஜையும் கையின் முனையில் அதைத் தாங்கும் ஹெட்ஷெல்லிலிருந்து விடுவித்தபின், கண்டன்சர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரின் முனைகளைப் பிளக்கின் நடு ஊசியிலும் வெளி வளையத்திலும் வைத்தால் வயரின் மின்தேக்கம் தெரியும். 100 முதல் 200 வரை வருவது வழக்கம். அதோடு ப்ரீஆம்ப்பின் சொந்த மின்தேக்கத்தைக் கூட்டினால் மொத்தச் சுமை. வயரே 180 என்று காட்டி, ப்ரீஆம்ப்பும் 100 சேர்த்தால், வி.எம்.95-க்கு அது ஏற்கெனவே மிகை. சுவிட்சை எவ்வளவு தள்ளினாலும் குறையாது, நீளம் குறைந்த வயரை மாற்றுவதே வழி. மாறாக, அதே ப்ரீஆம்ப்பில் ஒரு பழைய ஷூரை மாட்டினால் இன்னும் 150 சேர்க்கவேண்டிவரும். ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டபடியால் அதற்கான அசல் ஊசி கிடைப்பது அரிது என்பதையும் வாங்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டும்.

காதால் சரிபார்க்க விரும்புவோர் தட்டின் உள்வட்டப் பாடலை எடுத்துக்கொள்வது தவறாக முடியும். அங்கே பள்ளத்தின் அலைகள் நெருங்கி அமைவதாலேயே ஸகரம் சிதறும், சுமையைக் குறை சொல்ல நேரும். வெளிவட்டத்தில், ஓசை மிகாத ஒரு குரல் பகுதியை வைத்து, மின்தேக்கத்தைக் கீழிருந்து ஒவ்வொரு படியாகக் கூட்டிவந்து, ஸகரம் சீறத் தொடங்கும் படிக்கு முந்தைய படியில் நிறுத்துவது நல்ல முறை. மின்தடையைப் பொறுத்தவரை, காந்த வகைக்கு 47 கிலோ ஓமிலிருந்து விலக வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும்.

ஃபியஸ்டா போன்ற பீங்கான் பெட்டியை வாங்கியவர் அதன் கார்ட்ரிட்ஜைப் பிடுங்கிக் காந்த வகையைப் பொருத்த முயல்வது வீண்; அந்தக் கையின் கனமும் அழுத்தமும் அதற்கு ஏற்றவை அல்ல, பள்ளம்தான் கெடும். அந்தப் பெட்டியை அதன் சொந்த ஆம்ப்ளிஃபயரோடு, புது ஊசி மாட்டி, ஏற்கெனவே தேய்ந்த தட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் கிடைத்த எல்.பி.யை அதில் ஓட்டக்கூடாது. அதற்கு ஒன்றிரண்டு கிராம் அழுத்தத்தில் ஓடும் டர்ன்டேபிளும், வயரோடு சேர்த்துக் கணக்கிட்ட சுமையும் வேண்டும்.